முதலில் கருவி, பிறகு கம்ப்ரசர்: வீட்டுப் பட்டறைக்கு எந்த அளவு?

காற்றுக் கம்ப்ரசர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை லிட்டர் வாங்கலாம்?" என்பதுதான். "அதை வைத்து என்ன வேலை செய்யப் போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்கு இது பிடிப்பதில்லை. எளிமையாக ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் போதுமே, எதற்கு இந்த விசாரணை என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் லிட்டர் என்பது தொட்டியின் கொள்ளளவு மட்டுமே. கடையில் கண்ணுக்குத் தெரிகிற பொருள் தொட்டி என்பதால் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். காற்றைத் தயாரிக்கிற பம்ப் அதன் மேலே சிறிதாக உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் கம்ப்ரசர் பழுதுபார்ப்பவன். என்னிடம் ரிங் தேய்ந்தும் மோட்டார் கருகியும் வருகிற சிறு இயந்திரங்களில் கணிசமானவை, தங்களால் முடியாத வேலைக்கு மாட்டிக்கொண்டவை. அவற்றின் அளவு முதல் நாளே தவறிவிட்டது. ஆகவே, அளவைக் கணக்கிடும் முறையை அடியிலிருந்து சொல்கிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

எந்தக் கருவி எவ்வளவு காற்று குடிக்கிறது

காற்றில் இயங்கும் கருவி ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேவைகள் உண்டு. ஒன்று அழுத்தம்: பார் அல்லது பிஎஸ்ஐ கணக்கில் சொல்வார்கள், 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. மற்றொன்று காற்றின் அளவு: நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், அல்லது எத்தனை கன அடி. இந்தக் கன அடிக் கணக்கைத்தான் சிஎஃப்எம் என்கிறார்கள். 1 சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு 28.3 லிட்டர். இங்கே லிட்டர் என்று சொல்வது அழுத்துவதற்கு முன்பு, வெளியே நாம் சுவாசிக்கிற நிலையில் இருக்கிற காற்றை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கணக்குகள் குழப்பாது.

அழுத்தத்தைப் பற்றி வீட்டுப் பட்டறைக்காரர் அதிகம் கவலைப்பட வேண்டாம். பெரும்பாலான கருவிகள் 90 பிஎஸ்ஐ, அதாவது 6.2 பார் அளவுக்கு வடிவமைக்கப்பட்டவை. காற்றை ஒரே தடவையில் அழுத்துகிற சாதாரண ஒற்றைக்கட்டக் கம்ப்ரசர்கூட 8 பார் வரை ஏற்றும். பிரச்சினை எப்போதும் காற்றின் அளவில்தான் வருகிறது.

மெல்லிய ஆணி அடிக்கும் நெய்லருக்கு ஓர் ஆணிக்கு ஒரு லிட்டர் காற்றுகூடத் தேவைப்படாது. ஏர்பிரஷ் நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டரோடு திருப்தியடைந்துவிடும். காரின் டயர் சுமார் 30 லிட்டர் கொள்ளளவு என்று வைத்துக்கொண்டால், அதில் அரை பார் ஏற்ற 15 லிட்டர் காற்று போதும். இவற்றுக்கு எந்தச் சிறு கம்ப்ரசரும் சரிதான். இவை மட்டுமே உங்கள் வேலை என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

அடுத்த வரிசை வேறு. தேய்க்கிற சாண்டர் நிமிடத்துக்கு 8 முதல் 12 சிஎஃப்எம் வரை, அதாவது 225 முதல் 340 லிட்டர் வரை, விடாமல் இழுக்கும். ஹெச்விஎல்பி (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) வகை பெயின்ட் ஸ்ப்ரே கன்களில் பலவும் ஏறத்தாழ அதே அளவு கேட்கும். சில அதற்கு மேலும் கேட்கும். துரு நீக்க மணல் வீசுகிற கருவியில் 3 மில்லிமீட்டர் துளைகூட முழு அழுத்தத்தில் நிமிடத்துக்கு 500 லிட்டருக்கு மேல் விழுங்கிவிடும். துளையின் விட்டம் இரண்டு மடங்கானால் காற்று நான்கு மடங்கு போகும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். தூசி ஊதுகிற சாதாரண ஏர் கன்னைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதில் 2 மில்லிமீட்டர் துளை இருந்து 6 பார் அழுத்தத்தில் விசையை அமுக்கிப் பிடித்தால், நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் காற்று வெளியேறுகிறது. மேசையைக் கூட்டித் துடைக்கச் சோம்பல்பட்டு ஊதிக்கொண்டே இருப்பவரின் கம்ப்ரசர், தச்சு வேலைக்கு ஓடுவதைவிடத் தூசிக்கே அதிகம் ஓடுகிறது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கருவிப் பெட்டியின்மேல் "சராசரி நுகர்வு" என்று போட்டிருப்பதைக் கவனியுங்கள். பல நிறுவனங்கள் கருவி நிமிடத்தில் 15 வினாடி மட்டுமே ஓடும் என்று வைத்துக்கொண்டு அந்த எண்ணை எழுதுகின்றன. நட்டைத் தட்டிச் சுழற்றிக் கழற்றுகிற அரை அங்குல இம்பாக்ட் ரெஞ்சுக்கு 5 சிஎஃப்எம் என்று இருக்கும். விசையை விடாமல் பிடித்தால் அது 20 சிஎஃப்எம் கேட்கும். சக்கர நட்டைக் கழற்றும்போது யாரும் ஒரு நிமிடம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருப்பதில்லை என்பதால் ரெஞ்சு விஷயத்தில் இந்தச் சராசரி நியாயமானதே. சாண்டருக்கும் கிரைண்டருக்கும் அதே கணக்கைப் போட்டு எழுதினால் அது ஏமாற்று. தேய்க்கிறவர் 15 வினாடி தேய்த்துவிட்டு 45 வினாடி வேடிக்கை பார்ப்பதில்லை. இந்த இரண்டு கருவிகளுக்கும் "தொடர் நுகர்வு" என்ற எண்ணைத் தேடுங்கள். கையேட்டில் அது கிடைக்காவிட்டால், சராசரியை நான்கால் பெருக்கிக்கொள்வது பாதுகாப்பு.

இப்போது உங்களிடம் இருக்கிற, அல்லது உண்மையிலேயே வாங்கப் போகிற கருவிகளை எழுதி, அவற்றில் அதிகம் குடிக்கிறதைக் கண்டுபிடியுங்கள். எல்லாவற்றையும் கூட்ட வேண்டாம். வீட்டில் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு கருவியைத்தான் பிடிக்கிறார். "எப்போதாவது மணல் வீசிப் பார்க்கலாம்" என்கிற ஆசைகளை அந்தத் தாளில் ஏற்றாதீர்கள்.

தொட்டி எவ்வளவு தூரம் தாங்கும்

பம்ப் தருகிற காற்று சம்பளம் என்றால் தொட்டியில் இருப்பது சேமிப்பு. சம்பளத்துக்கு மேல் செலவழிக்கலாம். சேமிப்பு தீரும் வரைதான். தொட்டி பெரிதானால் சம்பளம் கூடிவிடாது.

எண்களோடு பார்ப்போம். தொட்டியில் பயன்படுத்தத்தக்க காற்றை அறிய, கொள்ளளவை அழுத்த வித்தியாசத்தால் பெருக்க வேண்டும். 50 லிட்டர் தொட்டி 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கும்போது 50 × 2 = 100 லிட்டர் காற்றைத் தருகிறது. பல சிறு இயந்திரங்களில் பிரஷர் ஸ்விட்ச் 8 பாரில் மோட்டாரை நிறுத்தி, 6 பாரில் மறுபடி கிளப்பும். பம்ப் உண்மையில் தருவது நிமிடத்துக்கு 109 லிட்டர் என்று கொள்வோம்; இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். இதில் 10 சிஎஃப்எம், அதாவது 283 லிட்டர் கேட்கிற சாண்டரை மாட்டுங்கள்.

முதல் 100 லிட்டர் 21 வினாடியில் காலி. மோட்டார் கிளம்புகிறது, ஆனாலும் ஒவ்வொரு நிமிடமும் 174 லிட்டர் பற்றாக்குறை. இன்னும் 17 வினாடியில் அழுத்தம் 5 பாருக்கு இறங்கி, சாண்டரின் சுழற்சி மந்தமாவது கையிலேயே தெரியும். ஆக, 38 வினாடி வேலை. அதன் பிறகு தொட்டி 5 பாரிலிருந்து 8 பாருக்கு ஏற 82 வினாடி காத்திருக்க வேண்டும்.

சரி, தொட்டியை 100 லிட்டராக்கிப் பாருங்கள். 76 வினாடி வேலை, 165 வினாடி காத்திருப்பு. விகிதம் அப்படியே இருக்கிறது! மூன்றில் ஒரு பங்கு நேரம் தேய்க்கலாம், மீதி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். தொட்டி எவ்வளவு பெரிதானாலும் இது மாறாது. பம்ப் பெரிதானால் மட்டுமே மாறும்.

அப்படியானால் பெரிய தொட்டிக்குப் பயனே இல்லையா? விட்டுவிட்டுச் செய்கிற வேலைக்கு உண்டு. இம்பாக்ட் ரெஞ்சையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சக்கர நட்டுக்கு 5 வினாடி பிடித்தால் சுமார் 47 லிட்டர் காற்று போகிறது. 24 லிட்டர் தொட்டியில் 8 பாரிலிருந்து 6 பாருக்குள் கிடைப்பது 48 லிட்டர்: ஒரு நட்டோடு சரி, அடுத்த நட்டுக்கு அழுத்தம் இறங்கிய காற்றுதான் கிடைக்கும். துருப்பிடித்த நட்டு அதற்கு மசியாது. 50 லிட்டர் தொட்டியில் இரண்டு நட்டு, 100 லிட்டர் தொட்டியில் நான்கு நட்டு முழு வலுவோடு கழறும். சக்கரத்தைத் தூக்கி வைத்துவிட்டு அடுத்ததற்கு நடந்து போவதற்குள் சிறிய பம்ப்கூடத் தொட்டியை நிரப்பிவிடும்.

பெரிய தொட்டியைச் சிறிய பம்போடு சேர்ப்பதில் வேறொரு கேடு இருக்கிறது. எண்ணெய் இல்லாத சிறு பம்புகள் பெரும்பாலும் பாதி நேரம் ஓடி, பாதி நேரம் ஆற வேண்டியவை. 100 லிட்டர் தொட்டியைக் காலியிலிருந்து 8 பாருக்கு ஏற்ற 800 லிட்டர் காற்று வேண்டும். நமது 109 லிட்டர் பம்புக்கு அது ஏழு நிமிடத்துக்கு மேல் நிற்காத ஓட்டம். காலையில் சுவிட்சைப் போட்டவுடனேயே சிலிண்டர் தலை கைவைக்க முடியாதபடி கொதித்துவிடும். மேசை நாற்காலி செய்கிற ஓர் இளைஞர் இப்படியொரு இயந்திரத்தை என்னிடம் கொண்டுவந்தார்: நீளமான தொட்டி, அதன்மேல் சின்னஞ்சிறு பம்ப். தலையைக் கழற்றியபோது சிலிண்டர் சுவரில் நெடுக்குக் கோடுகள். பிஸ்டனில் இருந்த டெஃப்லான் வளையம் தாள்போல மெலிந்து, விரலால் தொட்டதும் உடைந்தது. "பெரியதாகத்தானே அண்ணா வாங்கினேன்?" என்றார். பெரியதாகத்தான் வாங்கியிருந்தார், பெரிய தொட்டியாக. வளையத்தையும் சிலிண்டரையும் மாற்றிக் கொடுத்து, சாண்டரை மின்சாரத்தில் ஓடுவதாக வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

ஒட்டியிருக்கிற எண்ணும் கடிகாரம் சொல்கிற எண்ணும்

கம்ப்ரசரின்மேல் நிமிடத்துக்கு 188 லிட்டர் என்று ஒட்டியிருக்கும். அது பெரும்பாலும் பிஸ்டன் இடம்பெயர்க்கிற கொள்ளளவு. கருவிக்கு வந்து சேர்கிற காற்று அன்று. அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள்: சிலிண்டரின் விட்டம் 47 மில்லிமீட்டர், பிஸ்டன் நகர்கிற தூரம் 38 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு இடம்பெயர்வது கிட்டத்தட்ட 66 கன சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2850 சுற்று. பெருக்கினால் 188 லிட்டர். கணக்கு சரிதான். ஆனால் பிஸ்டன் மேலே போனாலும் தலைக்கும் பிஸ்டனுக்கும் நடுவே கொஞ்சம் காற்று மிஞ்சி நிற்கிறது. அது மறுபடி விரிந்த பிறகுதான் புதுக்காற்று உள்ளே வரும். வால்வில் கசிவு, ரிங்கில் கசிவு, சூட்டில் லேசாகிப்போன காற்று என்று ஒவ்வொன்றும் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும். மோட்டாரோடு பம்ப் நேராகப் பிணைந்த சிறிய நேரடி ஓட்ட இயந்திரங்களில் 6, 7 பார் அழுத்தத்தில் மிஞ்சுவது 60 விழுக்காடு அளவில்தான் இருக்கும். மோட்டார் பெல்ட் வழியாகப் பம்பைச் சுழற்றுகிற நல்ல பெல்ட் இயந்திரத்தில் 70, 75 என்று போகலாம். கையேட்டில் "6 பார் அழுத்தத்தில் வெளியேறும் காற்று" என்றோ "90 பிஎஸ்ஐயில் இத்தனை சிஎஃப்எம்" என்றோ இருந்தால் அந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் சிஎஃப்எம் என்று அழுத்தம் குறிப்பிடாமல் போட்டிருந்தால் அதிலிருந்து 40 விழுக்காட்டைக் கழித்துவிடுங்கள்.

இதைவிட நம்பகமான வழி, கடிகாரத்தை எடுத்து அளப்பது. கடையில் இயங்கிக் காட்டுகிற இயந்திரத்திலும், பழையதாக விலைக்கு வருவதிலும் இதைத் தாராளமாகச் செய்யலாம்.

முதலில் இயந்திரத்தை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றுங்கள். குளிர்ந்த இயந்திரம் நல்ல பிள்ளைபோல நடிக்கும். பிறகு காற்றைத் திறந்துவிட்டு, தொட்டி மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மோட்டார் கிளம்பியதும் வெளியேறும் வழியை மூடிவிடுங்கள். முள் 6 பாரைத் தொடுகிற கணத்தில் கடிகாரத்தைத் தொடங்கி, 8 பாரைத் தொடும்போது நிறுத்துங்கள். கருவிக்குப் போகிற அழுத்தத்தைக் குறைத்து வைக்கிற ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற மீட்டரைப் பார்த்துவிடாதீர்கள். தொட்டியின் அழுத்தத்தைக் காட்டுகிற மீட்டர்தான் வேண்டும். 50 லிட்டர் தொட்டியில் 55 வினாடி ஆனால், 100 லிட்டர் காற்றை 55 வினாடியில் தந்திருக்கிறது. நிமிடத்துக்கு 109 லிட்டர், அதாவது 4 சிஎஃப்எம்முக்குச் சற்றுக் குறைவு. மேலே நான் எடுத்துக்கொண்ட எண் இதுதான். தொட்டிக்குள் போகிற காற்று சூடாக இருப்பதால் முள் சற்று முந்திக்கொண்டு ஏறும். உண்மை அளவு இன்னும் கொஞ்சம் குறைவு என்றே கொள்ளுங்கள்.

உயரமான மலைப்பகுதியில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் மட்டத்திலிருந்து 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதே பம்ப் அதே வேகத்தில் ஓடினாலும் உள்ளே இழுப்பதே மெலிந்த காற்றாக இருக்கும்.

தேவையும் தெரிந்துவிட்டது, இயந்திரம் தருவதும் தெரிந்துவிட்டது. எவ்வளவு மிச்சம் வைப்பது? எண்ணெய் ஊற்றுகிற பெல்ட் இயந்திரமானால், தொடர்ந்து ஓடுகிற கருவியின் தேவையைப்போல ஒன்றரை மடங்கு தருவதை வாங்கச் சொல்வேன். பம்ப் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓய்வெடுக்கும். எண்ணெய் இல்லாததானால் இரண்டு மடங்கு.

சுவரில் இருக்கிற மின்சாரம் எவ்வளவு தாங்கும்

குதிரைத்திறன் என்பது ஒட்டுத்தாளில் மிகச் சுலபமாக வளர்கிற எண். ஆனால் மோட்டாரின் ஆம்பியர் தகடு அவ்வளவாகப் பொய் சொல்லாது. ஒரு குதிரைத்திறன் 746 வாட். 120 வோல்ட் மின்சாரம் உள்ள இடத்தில் 15 ஆம்பியர் பிளக் அதிகபட்சம் 1800 வாட்டைத்தான் தரும். அதில் வெப்பமாகப் போவது போக, இரண்டு குதிரைத்திறன் கிடைத்தாலே பெரிது. அந்தப் பிளக்கில் சொருகுகிற இயந்திரத்தில் "5 குதிரைத்திறன்" என்று எழுதியிருந்தால் சிரித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். 230 வோல்ட் இணைப்பில் 2 குதிரைத்திறன் மோட்டார் சுமார் 9 ஆம்பியரும், 3 குதிரைத்திறன் 13, 14 ஆம்பியரும் இழுக்கும். வீட்டின் ஒற்றை முனை இணைப்பில், தனி வயர் இழுக்காமல் போகக்கூடிய எல்லை ஏறத்தாழ அதுதான். அதற்கு மேல் வேண்டுமானால் முதலில் எலக்ட்ரீஷியனிடம் பேசிவிட்டு, பிறகு கடைக்குப் போங்கள்.

காற்றோடு ஒப்பிட்டால்: நன்றாகச் செய்யப்பட்ட பெல்ட் இயந்திரம் ஒரு குதிரைத்திறனுக்கு 3 முதல் 4 சிஎஃப்எம் தரும். மலிவான நேரடி ஓட்ட இயந்திரம் 2 தந்தால் போதும் என்ற நிலை. மேலே கணக்கிட்டது 2 குதிரைத்திறன் மோட்டார்தான். கிடைத்தது 4 சிஎஃப்எம்கூட இல்லை. 10 சிஎஃப்எம் சாண்டருக்கு ஒன்றரை மடங்கு வைத்தால் 15 சிஎஃப்எம்; அதற்கு 4, 5 குதிரைத்திறன் பெல்ட் இயந்திரம் தேவை. வீட்டில் அதை எங்கே சொருகுவீர்கள்?

மோட்டார் கிளம்பும் கணத்தில் சாதாரண ஓட்டத்தைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் வயரில் சொருகினால் மின்னழுத்தம் இறங்கி, மோட்டார் உறுமிக்கொண்டே கிளம்பத் தவிக்கும். கருகி வருகிற பல மோட்டார்களின் கதை இதுதான். வேலை தூரத்தில் இருந்தால் வயரை நீட்டாதீர்கள், காற்றுக் குழாயை நீட்டுங்கள். மோட்டார் நிற்கும்போது "புஸ்" என்று ஒரு சிறு ஓசை கேட்க வேண்டும். பம்புக்கும் தொட்டிக்கும் நடுவே சிக்கிய காற்று வெளியேறுகிற ஓசை அது. அது வராவிட்டால் அடுத்த முறை மோட்டார் அழுத்தத்துக்கு எதிராகவே கிளம்ப வேண்டியிருக்கும். வாங்கும்போதே அந்த ஓசையைக் காதுகொடுத்துக் கேளுங்கள்.

பெயின்ட் அடிப்பவர்களுக்கு மட்டும்

ஸ்ப்ரே கன் விஷயத்தில் கணக்கு கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது. சாண்டருக்கு 6 பார் வேண்டும். ஸ்ப்ரே கன்னின் நுழைவாயிலில் 2 பார் போதும். ஹெச்விஎல்பி கன்னின் மூக்கில் காற்று வெளியேறும்போது அழுத்தம் 0.7 பாரைத் தாண்டுவதில்லை. எனவே தொட்டி 6 பாருக்குக் கீழே இறங்கினாலும் வேலை கெடாது, 2.5 பார் வரை இறங்கலாம். 8 சிஎஃப்எம், அதாவது 226 லிட்டர் குடிக்கிற கன்னை அதே 50 லிட்டர் இயந்திரத்தில் மாட்டினால், மோட்டார் கிளம்பும் முன் 26 வினாடி, கிளம்பிய பின் பற்றாக்குறை 117 லிட்டர் என்ற கணக்கில் இன்னும் 90 வினாடி. ஏறத்தாழ இரண்டு நிமிடம் விசையை அமுக்கிக்கொண்டே இருக்கலாம். ஒரு கதவின் பலகையையோ இருசக்கர வண்டியின் பெட்ரோல் டேங்கையோ முடிக்க இது போதும். காரின் கூரைக்குப் போதாது. நடுவில் காற்று இளைத்தால் பெயின்ட் துளி பெரிதாகி, காய்ந்த பிறகு ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாக நிற்கும்.

எல்விஎல்பி (குறைந்த காற்று, குறைந்த அழுத்தம்) என்றொரு வகை கன் இருக்கிறது. 3 முதல் 5 சிஎஃப்எம்மில் வேலையை முடிக்கும், வேகம் மட்டும் சற்றுக் குறைவு. வீட்டில் பெயின்ட் அடிப்பவர் கம்ப்ரசரைப் பெரிதாக்குவதைவிட கன்னை மாற்றுவது புத்திசாலித்தனம் என்பது என் உறுதியான கருத்து.

காற்று வழியில் தொலைவது

சரியான கம்ப்ரசரை வாங்கிவிட்டு 5 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சுருள் குழாயை மாட்டினால், இம்பாக்ட் ரெஞ்சு நட்டைத் தடவிக் கொடுக்கும். தொட்டியில் 8 பார் இருக்கும்; கருவி ஓடும்போது அதன் வாயில் 4கூட இருக்காது. கருவி ஓடாதபோது பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும் என்பதுதான் இதில் தந்திரம். ரெகுலேட்டரை வைக்கும்போது விசையை அமுக்கிக்கொண்டே வையுங்கள். நெய்லருக்கு 6 மில்லிமீட்டர் போதும். ரெஞ்சுக்கும் ஸ்ப்ரே கன்னுக்கும் 10 மில்லிமீட்டர் குழாய், அதற்கேற்ற அகலமான கப்ளர் (குழாயை மாட்டுகிற இணைப்பு). குழாயில் தொலைகிற அழுத்தத்தை ஈடுகட்ட ஸ்விட்சை ஏற்றி வைக்க வேண்டாம். அழுத்தம் 1 பார் கூடினால் மின்செலவு 7 விழுக்காடு அளவில் கூடுகிறது.

சுவரோடு நிலையாகக் குழாய் போடுகிறவர்கள் தண்ணீருக்குப் போடுகிற பிவிசி குழாயைத் தொடவே தொடாதீர்கள். அழுத்தக் காற்றில் அது வெடிக்கும்போது பிளந்து நிற்காது, கூரிய துண்டுகளாகச் சிதறும். தொட்டி துருப்பிடித்துத் துளை விழுந்தால் வெல்டிங் வைத்து அடைப்பதும் அதே ரகம். அந்தத் தொட்டியைக் குப்பையில் போட வேண்டும்.

எதை வாங்கலாம்

டயர், நெய்லர், தூசி ஊதுதல், ஏர்பிரஷ்: 24 லிட்டர், 1 குதிரைத்திறன், எண்ணெய் இல்லாதது. வீட்டுச் சுவருக்கு அடுத்த பக்கம் ஆள் குடியிருந்தால், 1400 சுற்று வேகத்தில் ஓடுகிற அமைதியான வகையைப் பாருங்கள். 2850 சுற்றில் ஓடுகிற இயந்திரம் 90 டெசிபலை எட்டும். மெதுவானது 60, 70க்குள் நிற்கும். காதுக்குப் பத்து டெசிபல் என்பது ஏறத்தாழ இரு மடங்குச் சத்தம்.

இவற்றோடு வண்டி வேலையும் அவ்வப்போது பெயின்டும் உண்டு என்றால் 50 லிட்டர், 2 குதிரைத்திறன், 8 பார். இயன்றால் எண்ணெய் ஊற்றுகிற வகை. என்னிடம் யோசனை கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். 100 லிட்டருக்குப் போவதானால் 3 குதிரைத்திறன் பெல்ட் இயந்திரத்தோடு சேர்த்துப் போங்கள். 2 குதிரைத்திறனோடு வேண்டாம்.

சாண்டரையும் கிரைண்டரையும் மின்சாரத்தில் ஓடுபவையாக வாங்கிவிடுங்கள். காற்றை அழுத்தும்போது மோட்டார் செலவழிக்கிற சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. கருவியின் முனைக்கு வந்து சேர்வது சிறு பங்கு. மணிக்கணக்கில் தேய்க்கிற வேலையை அந்தச் சுற்றுவழியில் செய்ய வீட்டில் அவசியமே இல்லை. இந்த இரண்டையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டால் உங்களுக்குத் தேவையான கம்ப்ரசர் பாதியாகச் சுருங்கிவிடும். மணல் வீசும் வேலையை வெளியே கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

பழைய இயந்திரம் வாங்குகிறீர்களா? முதலில் தொட்டியின் அடியிலுள்ள வடிகாலைத் திறந்து பாருங்கள். தெளிந்த தண்ணீர் வந்தால் நல்லது. பழுப்பு நிறத்தில் கொஞ்சம் வருவது வழக்கம். துருச் செதில்கள் வந்து விழுந்தால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்தால் காற்று சீற வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். வாங்கிய பிறகு வேலை முடிகிற ஒவ்வொரு நாளும் வடிகாலைத் திறந்து தண்ணீரை விடுவது உங்கள் பொறுப்பு.

இயந்திரம் வந்த முதல் வாரமே 6 பாரிலிருந்து 8 பாருக்கு ஏறுகிற நேரத்தை அளந்து, தொட்டியின்மேல் அழியாத மையில் எழுதிவையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அளந்து பாருங்கள். 55 வினாடி 60 ஆனால் முதலில் காற்று ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள், தூசி அடைத்திருக்கும். 70, 75 என்று போனால் கப்ளர், குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைத் தேடுங்கள். அங்கேயும் குமிழி இல்லையென்றால் தலையைக் கழற்றி வால்வுத் தகட்டைப் பார்க்க வேண்டியதுதான். அதில் கரி படிந்திருந்தால் சுத்தம் செய்து புது கேஸ்கட் போட்டால் சரியாகிவிடும். வால்வு சுத்தமாக இருந்தும் நேரம் குறையவில்லை என்றால் ரிங் தேய்ந்துவிட்டது.